ஏழு மணிக்கு வாய்ப்பூட்டு!

பட்டினி கிடப்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதுசா என்ன? ஏகாதசி, கிருத்திகை, சஷ்டி, அமாவாசை என்று ஏதாவது ஒரு விரதம் வந்துகொண்டேதான் இருக்கும். இப்போது அதற்கே ‘இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்’ என்று பெயர் சூட்டி, மணிக்கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். நாளில் 8 அல்லது 10 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மீதி நேரம் வயிற்றுக்கு ஓய்வு. அவ்வளவுதான்!

போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. என் அம்மா கடைசிவரை இன்சுலின் ஊசியோடு காலம் தள்ளியவள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். “நீங்க மாத்திரை எதுவும் சாப்பிடலை, தாராளமா இருங்க. ஆனா சாப்பிடற நேரத்துல எதைச் சாப்பிடறீங்க, எவ்வளவு சாப்பிடறீங்க, அதுதான் முக்கியம்” என்றார்.

எடுத்த எடுப்பில் 16 மணி நேரம் என்று குதிக்கவில்லை. முதல் இரண்டு வாரம் இரவு 7 முதல் காலை 7 வரை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, காலை 9 மணி வரை. நடுவில் தண்ணீரும் சீரக வெந்நீரும் மட்டும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த காபியும் ஆகாரம்தானே? அதையும் 9 மணிக்குத் தள்ளினேன். நாலைந்து நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. பிறகு பழகிவிட்டது.

உண்மையைச் சொன்னால், பசி ஒரு கஷ்டமே இல்லை. அடுப்படியில் நிற்பதுதான் கஷ்டம்! பிள்ளை வைத்துவிட்டுப் போன பாதித் தோசை, வாணலியில் ஒட்டிய பொரியல்... “கொட்டுவானேன்” என்று வாயில் போட்டுக்கொள்கிறோமே, அதற்குக் கணக்கு உண்டா? ஏழு மணிக்குப் பூட்டு என்றதும் அது தானாக நின்றது. மிச்சம் இப்போது மூடி போட்டு ஃபிரிட்ஜுக்குப் போகிறது.

கடிகாரத்தில் மந்திரம் எதுவும் இல்லை. சீனாவின் குவாங்சோ நகரில், உடல் பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. எல்லோருக்கும் அளவு குறைத்த சாப்பாடுதான். ஒரு பிரிவினர் மட்டும் அதைக் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் முடித்தார்கள். எடை குறைந்ததில் இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! அளவுதான் முக்கியம். பகலெல்லாம் பட்டினி கிடந்து, சாயங்காலம் பஜ்ஜியும் கேசரியுமாக வெளுத்துக்கட்டினால் என்ன லாபம்? நான் விரதத்தை முடிப்பது பெரும்பாலும் பாசிப்பயறு தோசை அல்லது இட்லி, நிறைய சாம்பாரோடு.

நான் இருப்பதைப் பார்த்து இவருக்கும் ஆசை வந்துவிட்டது. “நானும் காலை டிபனை விட்டுடறேனே” என்றார். இவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். “டாக்டரைக் கேக்காம கூடவே கூடாதுங்க” என்று ஒரே பிடியாக நின்றேன். நல்லவேளை! கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை அது. வெறும் வயிற்றில் அது வேலை செய்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் இவையெல்லாம் அதன் அறிகுறிகள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டுமாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், வயிற்றுப்புண் உள்ளவர்கள் யாரும் அடுத்தவரைப் பார்த்து இதில் இறங்க வேண்டாம்.

ஆறு மாதத்தில் எனக்கு நாலு கிலோ குறைந்தது. சர்க்கரை 5.8. எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிடவில்லை. ஆனாலும் திசை மாறியிருக்கிறது. இவருக்கு எப்போதும்போல எட்டு மணிக்கு இட்லி, எனக்கு ஒன்பது மணிக்கு. ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம் ஓடினால் ஓடட்டுமே!