கிளாசிக் வரிசையில் கண்ணாடி இழைப் படகுகள்

மரத்தில் கட்டிய பாய்மரப் படகுகளுக்கே உரியதாக இருந்த 'கிளாசிக்' என்ற மதிப்பு, 1950, 60-களில் கண்ணாடி இழையில் வார்க்கப்பட்ட படகுகளுக்கும் இப்போது கிடைத்து வருகிறது. அவற்றுள் முக்கியமானது அமெரிக்காவின் பியர்சன் ட்ரைட்டன். கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்த இந்த 28 அடிப் படகு, 1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமானது. ஏறத்தாழ 700 படகுகள் விற்பனையாயின.

கண்ணாடி இழை என்ற அந்தப் புதிய பொருளின் வலிமை சரியாகத் தெரியாத காலம் அது. அதனால் படகின் உடலைத் தேவைக்கு மேல் தடிமனாகவே வார்த்தார்கள். அந்த எச்சரிக்கைதான் இன்று அவற்றின் ஆயுள். பலவீனம் மேல்தளத்தில் இருக்கிறது. இரண்டு கண்ணாடி இழை அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்திருப்பார்கள். திருகாணித் துளை வழியே நீர் இறங்கினால் அது உளுத்துப்போகும். கால் வைத்த இடம் மெத்தென்று அமுங்கும். பழைய படகு வாங்குவோர் முதலில் தட்டிப் பார்ப்பது அங்கேதான்.

பழைய வடிவமைப்புகளுக்குப் போட்டிகளிலும் இடமுண்டு. 2018-இல் மீண்டும் தொடங்கிய 'கோல்டன் குளோப்' உலகம் சுற்றும் போட்டியில், 1988-க்கு முந்தைய வடிவமைப்புகளுக்கே அனுமதி. அதில் 2023-இல் இரண்டாவதாகக் கரைசேர்ந்த இந்தியர் அபிலாஷ் டோமி ஓட்டியது, ரஸ்ட்லர் 36 என்ற கண்ணாடி இழைப் படகு.