மூச்சும் தசையும்: முதியோர் இல்லங்களில் சாந்த வழிமுறைகள்

பதுளைப் பக்கத்து முதியோரிடம் "மனசு எப்படி இருக்குது பாட்டி?" என்று கேட்டால், பதில் உடம்பைப் பற்றியே வரும். நெஞ்சு படபடங்குது, பிடரி இழுக்குது, ராத்திரி தூக்கமே வரல. இதை மழுப்பல் என்று நான் நினைப்பதில்லை. வன்னியில் போரைக் கண்ட எமது பெரியவர்களின் துயரமும் இப்படி உடம்பின் வழியாகத்தான் பேசியது.

இந்த மக்களின் இழப்புகளும் சிறியவையல்ல. 1964 ஒப்பந்தம் உடன்பிறந்தவர்களைக் கடல் கடந்து பிரித்தது. 1983 ஜூலையில் பதுளை நகரமும் எரிந்தது. 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையகத்தவரைப் போர் அங்கேயும் துரத்தியது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. இல்லத்தில் சேரும்போது, எஞ்சியிருந்த அயலும் போய்விடுகிறது.

பயம் நீடித்தால் தசைகள் இறுகியே இருக்கும், மூச்சு மேலோட்டமாகும். உள்ளிழுப்பதைவிட மெதுவாக மூச்சை வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணியும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக்கிய முறை, ஒவ்வொரு தசைக்கூட்டத்தையும் இறுக்கித் தளர்த்துவது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் இதைச் சாந்தி ஆசனத்தோடும், மூச்சுப் பயிற்சியைப் பிராணாயாமத்தோடும் இணைத்தார்கள். செபமாலை, திக்ர், மந்திர செபம் என அவரவர் சமயத்தில் உள்ளதே போதும் என்றார்கள். புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய வசதி.

ஆனால், இளையோருக்குச் சொல்வதை அப்படியே முதியோருக்குச் சொல்லக் கூடாது. பல வருடம் கொழுந்து பறித்த விரல்களில் மூட்டுவலி இருக்கும். கையை இறுக்க வற்புறுத்தாமல், தளர்த்துவதை மட்டும் செய்யச் சொல்லலாம். இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் மூச்சை அடக்கவே கூடாது. தரையில் படுக்க வேண்டாம், சாய்வு நாற்காலி போதும். கண்ணை மூடினால் சிலருக்குப் பழைய காட்சிகள் வந்துவிடும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி ஜன்னலையோ விளக்கையோ பார்த்துக்கொண்டு செய்யட்டும். பெரட்டுக்கு எழும்பிப் பழகியவர்களுக்கு அதிகாலையே உகந்த நேரம். பயிற்சி தமிழில், அவர்கள் பேசும் தமிழில் நடக்க வேண்டும்.

சாப்பாட்டை ஒதுக்குபவரை, "செத்தால் போதும்" என்பவரை மூச்சுப் பயிற்சியோடு விட்டுவிடாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளையின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருப்பவருக்கோ, எந்தப் பயிற்சிக்கும் முன்னால் அந்த அழைப்பு வர வேண்டும்.