அடுப்பு வாங்கப் போனோம்

கல்லாறு என்றால் ரயில்வேக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறுதான். நீலகிரி மலை ரயிலுக்குப் பல்சக்கரப் பாதை அங்கேதான் தொடங்குகிறது. பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயரும் ஏற்றம் அது. பணி ஓய்வுக்குப் பின் நான் குடியிருக்கும் கல்லாறு வேறு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள், 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதற்கு முன் இந்த ஊரைக் கடந்துதான் போக வேண்டும். உருண்டைக் கற்களுக்கு நடுவே சலசலத்து ஓடும் ஆறு, மழை, அட்டை, அடிக்கடி போகும் மின்சாரம் ஆகிய நான்கும் இங்கே தாராளமாகக் கிடைக்கும்.

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் என்னிடம், "புது வீட்டுச் சமையலறைக்கு ஹாப் வைக்கலாமா, பழைய மாதிரி அடுப்பே போதுமா? நீங்கள் இன்ஜினியர், சொல்லுங்கள்" என்று கேட்டார். ஹாப் என்பது சமையல் மேடைக் கல்லை வெட்டி, அதற்குள் பதித்து வைக்கும் அடுப்பு. அவருக்கு அன்று சுருக்கமாகப் பதில் சொன்னேன். முழுப் பதிலையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் இன்ஜினியராக நடந்துகொள்ளவில்லை. அதற்கான தண்டனை என் மனைவிக்குக் கிடைத்திருக்கும்.

என் தேர்வு

கல்லாற்றில் வீடு கட்டியபோது அடுப்பை நானே போய் வாங்கினேன். கறுப்புக் கண்ணாடி, நான்கு பர்னர், லைட்டர் இல்லாமலே பற்றிக்கொள்ளும் வசதி. கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், பர்னர் பித்தளையா, எத்தனை கிலோவாட் என்றெல்லாம் விசாரித்தேன். கடைக்காரரே அசந்துபோனார். அந்த அடுப்பில் தினமும் மூன்று வேளை நிற்கப் போகிறவரை மட்டும் நான் கடைக்கு அழைத்துப் போகவில்லை.

2021-இல் எங்கள் இருவருக்கும் கொரோனா வந்தது. எனக்குப் போன வாசனை மூன்று வாரத்தில் திரும்பியது. என் மனைவிக்குத் திரும்பவே இல்லை. பெருங்காயமும் ஒன்றுதான், மல்லிகைப் பூவும் ஒன்றுதான். "மூக்குக்கும் ரிட்டயர்மென்ட் கொடுத்தாச்சு" என்று அவளே சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதோடு சமையல் எரிவாயுவை முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மறு ஆண்டு இடவப்பாதி மழை நாளில், பாலைச் சிம்மில் வைத்துவிட்டு அவள் பின்கட்டுக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறாள். ஆற்றுப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. காற்று ஒரு வீச்சு வீசியதில் சிறு தீ அணைந்துவிட்டது. நான் முன் வராந்தாவில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வந்து, பால் பொங்காததைப் பார்த்து, தீ அணைந்திருக்கிறதென்று புரிந்துகொண்டு, மறுபடி பற்றவைக்கக் குமிழில் கை வைத்திருக்கிறாள். அதே நேரம் ஈரச்சக்கைத் துண்டோடு பின்வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டுச் சேச்சி, "அய்யோ சேச்சி, தொடல்லே! கேஸ் மணக்குன்னு!" என்று கத்தினார்.

அந்தக் குரல் கேட்டுத்தான் நான் ஓடினேன். ரெகுலேட்டரை மூடினேன், கதவு ஜன்னல்களைத் திறந்தோம், எந்த ஸ்விட்சையும் தொடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு நான் தூங்கவில்லை.

எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். நம் வீடுகளின் எச்சரிக்கை மணி முழுவதும் சமைப்பவரின் மூக்கை நம்பியே இருக்கிறது. கொரோனா வந்தவர்கள், சைனஸ் தொல்லை உள்ளவர்கள், வயதானவர்கள் என மூக்கு மந்தமானவர்கள் எத்தனை வீடுகளில் அடுப்படியில் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ரயிலில் தெரிந்தது, வீட்டில் மறந்தது

நான் 35 ஆண்டுகள் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை பார்த்தவன். பெட்டிகளின் பிரேக்தான் என் சோறு. ரயிலில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பலருக்குத் தெரியாது. காற்றை அழுத்தினால் பிரேக் பிடிக்கும் என்று நினைப்பார்கள். நேர்மாறு! வண்டி நெடுக ஓடும் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும் வரை பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் இறங்கினால் பிரேக் பிடிக்கும். நடுவழியில் இணைப்பு அறுந்து வண்டி இரண்டாகப் பிரிந்தால், குழாயும் பிரிந்து காற்று வெளியேறும். இரு பாதியும் தாமாகவே நின்றுவிடும். பழைய கைகாட்டி மரமும் அப்படித்தான். கம்பி அறுந்தால் கை தானாக 'நில்' என்ற நிலைக்குப் போகும். கெட்டுப்போவதாக இருந்தால் பாதுகாப்பான பக்கம் கெட வேண்டும் என்பதுதான் ரயில்வேயின் முதல் பாடம்.

இதைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த எத்தனையோ பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் வீட்டு அடுப்பிடம் மட்டும், "தீ அணைந்தால் நீ என்ன செய்வாய்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

அதற்கான கருவி பல காலமாகவே இருக்கிறது. கடையில் 'ஃப்ளேம் ஃபெயிலியர் டிவைஸ்' அல்லது 'எஃப்.எஃப்.டி.' என்று கேட்க வேண்டும். பர்னரை ஒட்டி ஒரு சிறு உலோக முனை நீட்டிக்கொண்டிருக்கும். இரு வேறு உலோகங்களை இணைத்த முனை அது. தீயில் சூடானால் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரம் ஒரு காந்தத்தைப் பிடித்து, வாயு வரும் வழியைத் திறந்து வைத்திருக்கும். காற்றாலோ, பொங்கி வழிந்த பாலாலோ தீ அணைந்தால் முனை ஆறும், காந்தம் விட்டுவிடும், வாயு நின்றுவிடும். பேட்டரியும் வேண்டாம், வீட்டு மின்சாரமும் வேண்டாம். எங்கள் பிரேக் தத்துவமேதான்.

இதில் ஒரு சிரமமும் உண்டு. பற்றவைத்த பின் முனை சூடாகும் வரை குமிழைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது தொந்தரவு. மாடலுக்கு மாடல் இறுக்கம் மாறும். ஆகவே சமைப்பவரே கடைக்கு வந்து அழுத்திப் பார்க்க வேண்டும்.

தோசைக்கல்லோடு கடைக்கு

இரண்டாவது முறை இருவரும் சேர்ந்து திருவனந்தபுரம் போனோம். வீட்டைப் பூட்டும்போது அவள் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டாள். உள்ளே தோசைக்கல், இட்லி குண்டான், சோறு வடிக்கும் பானை.

"இதெல்லாம் எதுக்கு?"

"செருப்பு வாங்கப் போனா காலை வீட்ல வச்சிட்டாங்க போவாங்க?"

கடையில் ஒவ்வொரு அடுப்பின்மேலும் மூன்றையும் வைத்துப் பார்த்தாள். விற்பனைப் பையன் முதலில் சிரித்தான். பிறகு அவனே வைத்துக் கொடுத்தான். நான்கு பர்னர் அடுப்பில் தோசைக்கல்லும் பானையும் வைத்த பிறகு மூன்றாவது பாத்திரத்துக்கே இடமில்லை. நான்காவது பர்னர் வெறும் அலங்காரம். இடைவெளி விட்டு அமைந்த மூன்று பர்னர் அடுப்பில் மூன்றும் இடிக்காமல் உட்கார்ந்தன. பர்னரின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள். இது அவள் சொல்லிக் கொடுத்த பாடம்.

அன்று பார்த்துத் தெரிந்துகொண்ட மற்றவை:

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். வீட்டு எரிவாயு அடுப்புக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 4246. எரியும் வாயுவின் வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதம் பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இதோடு நட்சத்திரக் குறியும் இருந்தால் நல்லது.

மேலே இருப்பது பதப்படுத்திய கண்ணாடி. உறுதியானதுதான். ஆனால் ஓரத்தில் அடி பட்டாலோ, சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் கொட்டினாலோ, ஒரே நொடியில் கல்கண்டு போலச் சிதறும். அகலமான உருளியைக் கீழிறங்கிய தாங்கியில் வைத்தாலும் வெப்பம் திரும்பிக் கண்ணாடியைத் தாக்கும். பெரிய பாத்திரத்தில் சமைக்கும் குடும்பங்களுக்கு எஃகு மேற்பரப்பே உத்தமம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், மாற்றல் உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஹாப் பக்கமே போக வேண்டாம். மாற்றலாகிப் போகும்போது அடுப்பு கூட வரும், கல்லில் வெட்டிய ஓட்டை வராது. மேடைமேல் வைக்கும் அடுப்பிலேயே எஃப்.எஃப்.டி. உள்ளவை கிடைக்கின்றன. எல்லா பர்னருக்கும் அது உண்டா என்று மட்டும் கேளுங்கள்.

குழாய் வழி இயற்கை எரிவாயு உள்ள நகரத்துக்குக் குடிபோகிறவர்கள் சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டக் கூடாது. வாயு வேறு, அழுத்தம் வேறு. பர்னருக்கு அடியில் உள்ள ஜெட்டைத் தக்கவர் வந்து மாற்றித் தர வேண்டும்.

கரண்ட் அடுப்பு போதாதா?

"கேஸே வேண்டாம், இண்டக்‌ஷன் வாங்கிக்கோங்க" என்றான் என் மகன். நியாயமான யோசனைதான். தீ இல்லை, கசிவு இல்லை. கணக்கும் போட்டுப் பார்த்தேன். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. 68 சதவீதம் என்றால் பாத்திரத்துக்குச் சேர்வது சுமார் 122 யூனிட். இண்டக்‌ஷனில் 85 சதவீதம் சேர்கிறது என்று வைத்தால், அதே சமையலுக்கு 144 யூனிட் செலவாகும். உங்கள் சிலிண்டர் விலையையும், 144 யூனிட்டுக்கு உங்கள் கரண்ட் பில்லில் கூடும் தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உபயோகம் கூடக்கூடக் கட்டண விகிதமும் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் கல்லாற்றில் மழைக் காலத்தில் ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. பாத்திரமும் பார்க்க வேண்டும். அடியில் காந்தம் ஒட்டினால்தான் இண்டக்‌ஷனில் சூடாகும். இரும்புத் தோசைக்கல் தேறும். அலுமினியக் குக்கர், வெண்கலப் பானை, இங்கே மீன்குழம்புக்கு வாங்கிய மண்சட்டி எல்லாம் தேறாது. அம்மா கொடுத்த ஈயச்சொம்பு தீயில்கூட ரசம் இருக்கும் வரைதான் நிற்கும். ஆகவே எங்கள் முடிவு இது: மூன்று பர்னர் எரிவாயு அடுப்பு ஒன்று, பால் காய்ச்சவும் வெந்நீர் வைக்கவும் ஒற்றை இண்டக்‌ஷன் ஒன்று. இண்டக்‌ஷன் 2000 வாட் எடுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும், மிக்ஸி பிளக்கில் அல்ல.

மாட்டிய பின்

எஃப்.எஃப்.டி. பர்னரில் அணையும் தீயைத்தான் கவனிக்கும். குழாயில் கசிந்தால் அதற்குத் தெரியாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். மேலே மாட்டிய சிம்னி அதை இழுக்காது. காற்றில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலைய யார்டில் நின்ற சுற்றுலாப் பெட்டி ஒன்று, விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பெட்டிகளோடு வாழ்ந்த எனக்கு அந்தச் செய்தி இன்னும் ஆறவில்லை. மூடிய இடமும் எரிவாயுவும் ஒத்துப்போகாது.

எனவே சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். அலமாரிக்குள் வைத்தால் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் இருக்கட்டும். கம்பி வலை உள்ளே வைத்த ஐ.எஸ்.ஐ. குழாயையே வாங்கி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரவில் ரெகுலேட்டரை மூடுங்கள். மூக்கு மந்தமானவர் சமைக்கும் வீட்டில் கசிவு கண்டுபிடிக்கும் அலாரம் ஒன்றை, சிலிண்டர் எரிவாயு என்றால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மாட்டுங்கள். கசிவு என்றால் இந்தியாவில் எங்கிருந்தும் அழைக்க வேண்டிய எண் 1906. இந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

எஃப்.எஃப்.டி.யை மாதம் ஒருமுறை நான் சோதிக்கிறேன். பர்னரை நன்றாக எரியவிட்டு ரெகுலேட்டரை மூடுவேன். தீ அணையும். குமிழைத் தொடாமல் காத்திருந்தால், பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வழி அடைபட்டது என்று அர்த்தம். பிறகு குமிழை அணைத்துவிட்டுத்தான் ரெகுலேட்டரைத் திறக்க வேண்டும். சத்தம் வராவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். ரயிலில் புறப்படும் முன் பிரேக் சோதனை பார்ப்பது போலத்தான்.

"முப்பத்தஞ்சு வருஷம் ரயிலுக்குப் பாத்த பிரேக்கை இப்பதான் எனக்குப் பாக்குறீங்க" என்றாள் ஒருநாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் கிண்ணம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது.

நண்பருக்கு என் பதில் இதுதான். ஹாப்பா, சாதா அடுப்பா என்பது இரண்டாவது கேள்வி. தீ அணைந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் கேளுங்கள். கேட்கப் போகும்போது சமைப்பவரையும், அவருடைய தோசைக்கல்லையும் கூட்டிக்கொண்டு போங்கள்.