ஓர் இடைவெளியில் அழிந்த கோப்புகள்

எங்கள் அயலில் உள்ள ஓர் அம்மாவின் ஆவணங்களை ஸ்கான் செய்து கணினியில் சேமித்துக் கொடுத்தேன். 2009 இல் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படங்கள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழுக் கடிதங்கள். இடப்பெயர்வு முழுவதும் சொப்பின் பையில் சுற்றிக் காத்தவை. ஈரத்தில் ஊறிய ஒரு படம் ஸ்கான் செய்யும்போதே உதிரத் தொடங்கியது.

மாதிரிக்கு எடுத்த ஜேபிஜி படங்களை மட்டும் அழிப்பதற்காக, லினக்ஸ் கணினியில் ‘ஆர்எம்’ என்ற கட்டளையைத் தட்டினேன். அதன்பின் நட்சத்திரக் குறி, புள்ளி, ஜேபிஜி என்று இடைவெளியின்றி வரவேண்டும். நட்சத்திரக் குறிக்கும் புள்ளிக்கும் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தது. தனித்து நிற்கும் நட்சத்திரக் குறிக்கு ‘இந்தக் கோப்புறையில் உள்ள எல்லாம்’ என்று பொருள். கணினி எதுவும் கேட்கவில்லை. எல்லாக் கோப்புகளும் போய்விட்டன.

கட்டளை மூலம் அழிப்பவை குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. விண்டோஸின் ‘டெல்’ கட்டளையும் இப்படித்தான். ஆனால் கோப்பு உடனே மறைவதுமில்லை. நூலகத்தில் அட்டவணை அட்டையைக் கிழித்தாலும் புத்தகம் இறாக்கையில் இருப்பதைப் போல, தரவு வன்தட்டிலேயே கிடக்கும். அந்த இடத்தில் புதிதாக ஏதாவது எழுதப்பட்டால்தான் அது அழியும். ஆகவே உடனடியாகக் கணினியை நிறுத்தினேன். பென்ட்ரைவிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கி, ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளால் மீட்டு, இன்னொரு வன்தட்டில் சேமித்தேன். பெரும்பாலானவை கிடைத்தன, கோப்புப் பெயர்கள் கிடைக்கவில்லை. உதிர்ந்த அந்தப் படம் பாதிதான் வந்தது.

என்னுடையது பழைய சுழல்தட்டு. இப்போதைய எஸ்எஸ்டி வகைகளில் அழித்த இடத்தைக் கணினியே விரைவில் துடைத்துவிடுவதால், மீட்பது மிகக் கடினம்.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். “அந்தப் படத்தின்ர போட்டோக்கொப்பி தங்கச்சி வீட்டில இருக்கு தம்பி. நான் எல்லாத்திலயும் ஒண்டு மூண்டு வீட்டில குடுத்து வைச்சிருக்கிறன்” என்றார். கணினி தெரிந்த நான் ஒரே பிரதியோடு வேலை செய்திருக்கிறேன்.

இப்போது அழிக்கும் முன் ‘எல்எஸ்’ கட்டளையை அதே குறிகளோடு இட்டு, எந்தக் கோப்புகள் அகப்படுகின்றன என்று பார்க்கிறேன். ‘ஆர்எம்’ உடன் சிறுகோடும் ‘ஐ’ எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொரு கோப்பையும் கேட்டே அழிக்கும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, வேறு வேறு வீடுகளில் இரண்டு பிரதிகளாவது இருக்கின்றனவா என்று உறுதிசெய்கிறேன்.