சார்ஜர் வந்தாச்சு, கரண்ட் எங்கே?
நெடுஞ்சாலைகளில் மின்வாகன சார்ஜிங் நிலையங்கள் அமைக்க அமெரிக்கா 2021 நவம்பரில் சட்டம் போட்டு 500 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் முதல் நிலையம் ஒஹாயோவில் திறந்தது 2023 டிசம்பரில்தான். ஏன் இவ்வளவு தாமதம்?

மாநிலங்களின் திட்டங்களுக்கு ஒப்புதல் கிடைக்கவே 2022 செப்டம்பர் ஆகிவிட்டது. அப்புறம் டெண்டர். அதோடு முடியல. விதிப்படி ஒரு நிலையத்தில் நான்கு வண்டிகளுக்கு ஒரே நேரத்தில் தலா 150 கிலோவாட் தரணும். மொத்தம் 600 கிலோவாட். வீட்டுக்கு 5 கிலோவாட் என்று வைத்தால் 120 வீடுகளின் லோடு! அதற்குப் பெரும்பாலும் புது டிரான்ஸ்ஃபார்மர் வேணும். கொரோனாவுக்குப் பிறகு அதற்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

உங்க ஊரில் 'விரைவில் திறப்பு' போர்டை நம்பி மின்சார கார் வாங்கப் போறீங்களா? பளபளக்கிற சார்ஜரை விடுங்க. பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் நிக்குதா, பாருங்க.