நிலப் பத்திரமும் குடிவழியும்

குடிவழி காண விழைவார் பெரும்பாலும் பெயரைப் பற்றிக்கொண்டே பின்னோக்கிச் செல்வர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கத்தால் அந்நெறி விரைவில் மயங்கும். ஆங்கிலேயர் ஆட்சிக்காலக் குடும்பங்களை ஆராயுமிடத்துப் பெயரினும் நிலமே உறுதியான சான்று என்பதைத் திருவண்ணாமலை வட்டத்தைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

முதற்கண் அறியற்பாலது ஆட்சியெல்லை. திருவண்ணாமலை வட்டம் தென்னார்க்காட்டினின்று வடவார்க்காட்டிற்கு மாற்றப்பெற்றது 1911ஆம் ஆண்டில். 1989இல் அது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆதலின் 1911க்கு முற்பட்ட மாவட்ட ஆவணங்களைத் தென்னார்க்காட்டுத் தொகுதிகளுள்ளேயே தேடுதல் வேண்டும்.

அடுத்து, கைவசமுள்ள பத்திரம் சுட்டும் மூலப்பத்திரத்தைக் கண்டு, அதனின்று அதற்கு முந்தியதற்குச் செல்லுதல் முறை. 1864ஆம் ஆண்டுச் சட்டம் சிலவகைப் பத்திரங்களின் பதிவைக் கட்டாயமாக்கியமையின், அதன் பிற்பட்ட காலத்திற்குப் பதிவு அலுவலகப் புத்தகங்கள் துணைபுரியும். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்னும் தொடர் ஈர் தலைமுறையைத் தரும். பாகப்பிரிவினைப் பத்திரமோ உடன்பிறந்தார் அனைவரையும் ஒருங்கே காட்டும். ஒரே பெயருடையார் இருவர் எதிர்ப்படின் நான்கெல்லை அவரைப் பிரித்தறிவிக்கும். இனாம் நிலமாயின், 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடு கொடை பெற்ற முதல்வரையும் அவரோடு அந்நாளைய உடையவர்க்குள்ள உறவையும் கூறும்.

காலக்கணக்கிலும் விழிப்பு வேண்டும். பத்திரத்திற் ‘பிலவ’ ஆண்டு என மட்டும் இருப்பின் அது 1841–42ஓ 1901–02ஓ ஆகலாம். அறுபதாண்டுப் பிழை இரு தலைமுறையை விழுங்கிவிடும். உடன் பசலி 1311 எனக் காணப்படின், 590ஐக் கூட்ட 1901 எனத் துணியலாம்.

எனினும் இச்சான்றிற்கு ஓர் எல்லை உண்டு. ஆண்மக்களே பங்காளிகளாயிருந்த கூட்டுக்குடும்பத்துப் பத்திரங்களில் மகளிர் பெயர் அரிதே. கைம்பெண்ணாகவோ, சீதன நிலம் உடையவராகவோ, ‘மைனர் கார்டியன் தாயார்’ என்றோதான் அவர் தோன்றுவர். தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்கு மகனோடொத்த உரிமையை 1956ஆம் ஆண்டுச் சட்டமும், கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்குரிமையைத் தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும் வழங்கின. அதற்கு முற்பட்ட பத்திரங்களில் மகள் பெயர் இல்லாமை, மகளே இல்லாமைக்குச் சான்றாகாது. அந்நிலத்தை உழுது வாழ்ந்த நிலமற்றாரின் குடிவழியும் இவற்றுட் புலப்படாது.

எனவே பத்திரம் காட்டுவது உடைமை இறங்கிய வழியே. அதனையே குடிவழி முழுமையுமெனக் கொள்ளின், விடுபட்டாரை நாமும் ஒருமுறை விடுத்தவராவோம். பத்திர வழியோடு மணவுறவு, வாய்மொழி, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவற்றையும் இயைத்து ஆராய்தலே முறையாம்.