காசியோப்பியா ஏ: எக்ஸ் கதிர் ஆய்வுகள்

காசியோப்பியா ஏ என்பது காசியோப்பியா விண்மீன் குழாமில், நம்மிடமிருந்து ஏறத்தாழ 11,000 ஒளியாண்டு தொலைவில் அமைந்துள்ள ஒரு சூப்பர்நோவா எச்சம் ஆகும். பெருநிறை விண்மீன் ஒன்று வெடித்தபின் எஞ்சிய சிதறல்களே இவ்வாறு விரிந்துகொண்டிருக்கின்றன. வெடிப்பின் ஒளி புவியை வந்தடைந்து ஏறத்தாழ 350 ஆண்டுகளே ஆவதால் இது இளைய எச்சமாகக் கருதப்படுகிறது. மார்ட்டின் ரைல், பிரான்சிஸ் கிரகாம் ஸ்மித் ஆகியோர் 1948இல் இதனை ரேடியோ அலைகளின் மூலம் கண்டறிந்தனர்.

வெப்பத்தின் காரணம்

வினாடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாயும் சிதறல்கள் சுற்றியுள்ள வாயுவின்மீது மோதும்போது இரண்டு அதிர்ச்சி அலைகள் உருவாகின்றன. ஒன்று வெளிநோக்கிச் செல்கிறது. மற்றொன்று சிதறல்களுக்குள்ளேயே பின்னோக்கிப் பாய்கிறது. விரிவடைந்ததால் குளிர்ந்துபோன சிதறல்கள், இந்தப் பின்னோக்கு அலை தாக்கியதும் மீண்டும் கோடிக்கணக்கான பாகை வெப்பநிலையை அடைகின்றன. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்தெறியப்பட்டு, பொருள் பிளாஸ்மா நிலைக்கு மாறி எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. இக்கதிர்களைப் புவியின் வளிமண்டலம் உறிஞ்சிவிடுவதால், விண்வெளித் தொலைநோக்கிகளே இவற்றை ஆராய உதவுகின்றன.

நிறமாலை கூறும் செய்தி

பள்ளி ஆய்வகத்தில் சோடியம் உப்பைச் சுடரில் காட்டினால் மஞ்சள் நிறமும், தாமிர உப்பைக் காட்டினால் பச்சை நிறமும் தோன்றுவதை அறிவோம். அதுபோல எக்ஸ் கதிர் நிறமாலையிலும் ஒவ்வொரு தனிமத்திற்கும் உரிய கோடுகள் உண்டு. சிலிக்கானின் முதன்மைக் கோடு 1.86 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகிலும், இரும்பின் கோடு 6.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகிலும் காணப்படுகின்றன.

ஆனால் இங்கு ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பிளாஸ்மா மிகவும் அடர்த்தி குறைந்தது. எனவே துகள்கள் அரிதாகவே மோதுகின்றன. வெப்பநிலைக்கு ஏற்ற அளவு எலக்ட்ரான்களை அணுக்கள் இழக்கப் பல ஆயிரம் ஆண்டுகள் தேவை. அடுப்பு நன்றாக எரிந்தாலும் உலையிலிட்ட அரிசி உடனே வெந்துவிடாது அல்லவா? இந்தத் தாமதத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் வெப்பநிலையும் தனிமங்களின் அளவும் தவறாகவே கிடைக்கும். அதே சமயம், சோற்றின் பதத்தைப் பார்த்து அரிசி இட்ட நேரத்தை ஊகிப்பதுபோல, அயனியாக்கத்தின் அளவைக் கொண்டு அதிர்ச்சி அலை அப்பகுதியைத் தாக்கிய காலத்தைக் கணிக்கலாம்.

தலைகீழான அடுக்குகள்

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா தொலைநோக்கி 1999 சூலையில் ஏவப்பட்டது. அது எடுத்த காசியோப்பியா ஏ படத்தின் மையத்தில் ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தது. அது வெடித்த விண்மீனின் கருவிலிருந்து உருவான நியூட்ரான் விண்மீன் எனக் கருதப்படுகிறது.

வெடிப்பின்போது சிலிக்கானைவிட ஆழத்தில் இரும்பு உருவாகிறது. ஆனால் எச்சத்தின் தென்கிழக்கில் இரும்பு, சிலிக்கானுக்கு வெளியே காணப்படுகிறது. உட்பகுதிப் பொருள் மேலடுக்குகளைத் துளைத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

நியூஸ்டார் தொலைநோக்கி டைட்டேனியம்-44 என்ற கதிரியக்க ஐசோடோப்பின் பரவலை வரைபடமாக்கியது. 2014இல் வெளியான இம்முடிவு அது சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாக இருப்பதைக் காட்டியது. கதிரியக்கச் சிதைவால் ஒளிர்வதால், அதிர்ச்சி அலை இன்னும் எட்டாத குளிர்ந்த உட்பகுதியிலும் இதனைக் காண முடிகிறது.

முக்கியத்துவம்

பெருநிறை விண்மீன் எவ்வாறு வெடிக்கிறது என்பது இன்னும் முழுமையாக விளங்காத வினா. சீரான கோளமாக வெடிப்பதாகக் கொண்ட கணினிக் கணக்கீடுகள் பலவற்றில் அதிர்ச்சி அலை இடையிலேயே தேங்கிவிடுகிறது. உட்பகுதி கொந்தளித்து ஒருதலையாக வெடித்திருக்க வேண்டும் என்ற கருத்துக்கு மேற்கண்ட சான்றுகள் வலுச் சேர்க்கின்றன. நம் எலும்பிலுள்ள கால்சியமும் குருதியிலுள்ள இரும்பும் பழங்கால விண்மீன் வெடிப்புகளில் உருவானவையே. அவை விண்மீனின் ஆழத்திலிருந்து எவ்வாறு வெளியேறின என்பதை இந்த எச்சத்தில் நேரடியாகப் பார்க்க முடிகிறது.